பீஸ் ஹால், ஹாலிஃபாக்ஸ்: துணி வியாபாரி இல்லாத துணிச்சந்தை

இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் போறவங்க இதை மிஸ் பண்ணிடாதீங்க, உள்ள நுழைய காசே கிடையாது. 1779-ல திறந்த கம்பளித் துணிச்சந்தை இது. நடுவுல பெரிய முற்றம், சுத்தி தூண் வச்ச தாழ்வாரம், முன்னூறுக்கும் மேல குட்டி குட்டி ரூம். பேர்ல இருக்கற பீஸ்ங்கறது சாப்பிடற பீஸ் இல்லைங்க, கைத்தறியில நெய்த சுமார் 30 கஜத் துணி. சுத்துப்பட்டு மலை கிராமத்துல குடும்பமா உக்காந்து நெய்து, இங்க கொண்டு வந்து விப்பாங்க, சனிக்கிழமை மணி அடிச்சா வியாபாரம் ஆரம்பம், ரெண்டே மணி நேரம், மறுபடி மணி அடிச்சா கடையைக் கட்டணும், அந்த அவசரத்துல வாங்கின துணிதான் கப்பலேறி ஐரோப்பா, அமெரிக்கானு போயிருக்கு.

ஆனா பாருங்க, இவ்ளோ பெருசா கட்டி கொஞ்ச வருஷத்துலயே மில் வந்துருச்சு. மில்காரங்க நேரா வியாபாரிகிட்டயே வித்துட்டாங்க, அப்புறம் சந்தைக்கு யாரு வருவா? 1871-ல காய்கறி, பழ மண்டியா ஆயிடுச்சு. நம்ம ஊர் தறிக்கு மான்செஸ்டர் மில் துணி வச்ச ஆப்பு தெரியும், அவங்க ஊர் தறிக்கும் அதே கதைதான்னு எனக்கு இங்கதான் உறைச்சுது.

2017-ல புதுப்பிச்சுத் திறந்திருக்காங்க. இப்ப ரூமெல்லாம் கடை, கஃபே. ஒரு தூண்ல கை வச்சுப் பார்த்தேன், கல்லு சொரசொரன்னு ஐஸ் மாதிரி இருந்துச்சு, காத்து வேற பிச்சுக்கிட்டு அடிக்குது, ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. வரலாறு சொல்ற ரூமை முதல்ல பாத்துட்டு அப்புறம் கடை பக்கம் போங்க, நான் மாத்திப் பண்ணி நேரம் பத்தல.

என் மார்க்: அஞ்சுக்கு நாலரை.