படிகம் வளர்க்கும் கிட்: படிகாரம் பாஸ், உப்பு ஃபெயில்

லீவு விட்டதிலிருந்து மகள் போனும் கையுமாகவே இருக்கிறாளே என்று ஆன்லைனில் 499 ரூபாய் கொடுத்து இந்த கிட்டை வாங்கினேன். 60 கிராம் படிகாரப் பொடி, 75 கிராம் உப்பு, இரண்டு பிளாஸ்டிக் டப்பா, நைலான் நூல், நீலச் சாயம், ஒரு செய்முறைத் தாள். தெர்மாமீட்டர் இல்லை! ஆட்டமே சூட்டை வைத்துத்தான், அதை அளக்கிற சாமானை விட்டுவிட்டுச் சாயத்தைப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரே செய்முறைதான். 200 மில்லி கொதிநீரில் கரை, ஆறவிடு, காலையில் படிகம். படிகாரத்துக்கு அது அப்படியே பலித்தது. 100 மில்லி தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 14 கிராம் படிகாரம்தான் கரையும், 50 டிகிரியில் 37 கிராம் வரை போகும், அதனால் சூட்டில் கரைந்ததெல்லாம் ஆற ஆற இருக்க இடமில்லாமல் வெளியே வந்தாக வேண்டும். காலையில் டப்பா அடியில் கற்கண்டு உடைத்துப் போட்ட மாதிரி மின்னியது. நீலம் மட்டும் ஏறவில்லை, சாயம் தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

உப்பு டப்பாவில் ஒரு சிட்டிகைத் தூள். தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று பிள்ளை முகம் தொங்கிப்போனது, எனக்கு அதுதான் ஆத்திரம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் "தண்ணி இன்னும் நல்லா கொதிக்கணும் சார்" என்கிறார்கள். எவ்வளவு கொதித்து என்ன? சாதா உப்பு 100 மில்லியில் 20 டிகிரியில் 36 கிராம் கரையும், கொதிக்கிற தண்ணீரிலும் 39தான். கிட்டில் இருக்கிற 75 கிராமையும் 200 மில்லியில் கரைத்து ஆறவிட்டால் மிஞ்சுவது இரண்டு மூன்று கிராம். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டி வெயிலில் காயவிடுவது சும்மாவா, தண்ணீர் வற்றினால்தானே உப்பு பூக்கும். அதே கரைசலைத் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தோம், மூன்றாம் நாள் சதுரம் சதுரமாக வந்துவிட்டது. இந்த ஒரு வரி தாளில் இல்லை.

அப்புறம் இன்னொரு கூத்து. நல்ல படிகாரத் துண்டு ஒன்றை நூலில் கட்டி, தெவிட்டிய கரைசலில் (அதற்கு மேல் படிகாரம் கரையாத தண்ணீரில்) தொங்கவிட்டு, ஜன்னல் திட்டில் வைத்தாள். காலையில் கூர்கூராக இருந்தது, மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் முனையெல்லாம் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி. சாயங்காலம் நூல் மட்டும்தான் மிச்சம். சென்னை மே மாத வெயிலில் டப்பா சூடேறியதும், காலையில் தெவிட்டியிருந்த கரைசலுக்கு மறுபடியும் பசி எடுத்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த துண்டை அடுப்படியில் மண்பானைக்குப் பின்னால், டப்பாவுக்குத் துவாலை சுற்றி, யாரும் தொடாத இடத்தில் வைத்தோம். பத்து நாளில் நெல்லிக்காய் அளவுக்கு எட்டு முகத்தோடு கண்ணாடி மாதிரி நிற்கிறது.

படிகாரத்துக்காக இரண்டரை ஸ்டார். அதுவும் நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கிற சாமான்தான், வாங்குகிறவர்கள் அங்கே வாங்கிக்கொண்டு மிச்சக் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். சாயப் பாக்கெட் இன்னும் பாதி இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?