20 டன் எந்திரத்தை நிறுத்திய எர்த் ஒயர்: கிருஷ்ணகிரியில் ஒரு செல்ஃப் மோட்டார் பட்டறை

பர்கூர் பக்கம் கல் குவாரியில் ஓடும் எங்கள் 20 டன் எக்ஸ்கவேட்டர் (எந்தக் கம்பெனி எந்திரமானாலும் இங்கே அதற்குப் பெயர் 'ஹிட்டாச்சி'தான்) சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்து, அரைச் சுற்று முனகி, நின்றுவிட்டது. மூன்று மாதங்களுக்கு முன்பு இதே கோளாறுக்காக வேறொரு கடையில் செல்ஃப் மோட்டாரையே (இன்ஜினை முதலில் சுழற்றிக் கிளப்பும் மின் மோட்டார்) புதிதாக மாற்றியிருந்தோம் என்பதால், அன்று எரிச்சல்தான் முதலில் வந்தது. கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் உள்ள சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையை ஒரு டிப்பர் ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. "மோட்டார் எங்கயும் போயிடாதுணா, கரண்ட் எங்க நிக்குதுன்னு பார்க்கலாம்" என்று மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இது இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் எந்திரம். சும்மா இருக்கும்போது மீட்டர் 25.2 காட்டியது, எனவே பேட்டரி சார்ஜில் குறையில்லை. ஆபரேட்டர் சாவியைத் திருப்பிப் பிடித்த சில நொடிகளில் பேட்டரி முனைகளுக்கிடையே 23.1 இருந்தபோது, மோட்டாரில் 18.9 மட்டுமே இருந்தது. நடுவில் 4.2 வோல்ட் தொலைந்திருக்கிறது. பாசிட்டிவ் கேபிளின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்ததில் 0.6, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே வைத்தபோது 3.6. ஆக, பெரும் இழப்பு கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பக்கத்தில்தான். இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றிக் காட்டினார்: போல்டு மாட்டும் உலோக முனையான லக்கின் அடியில் துருவும், கல்தூளும் எண்ணெயும் கலந்து இறுகிய சாம்பல் நிறப் பசையும் இருந்தன. முதல் மோட்டாரை மாற்றுவதற்கு முன்பே யாராவது இந்த ஒரு போல்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம்.

இருந்தாலும் மோட்டாரையும் இறக்கச் சொன்னார். வோல்ட் குறைந்தால் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சோலனாய்டு உறுதியாகப் பிடிக்காமல் துடிக்கும், உள்ளே இருக்கும் செம்பு கான்டாக்டுகள் பொறி பறந்து கருகும். இன்ஜின் எடுக்கவில்லையே என்று ஆபரேட்டரும் சாவியை விடாமல் பிடிப்பார், மோட்டார் சூடேறும். பட்டறையில் என் கண்முன்னே பிரித்தபோது இரண்டும் நடந்திருப்பது தெரிந்தது. கம்யூடேட்டர் (சுழலும் தண்டில் உள்ள செம்புப் பட்டைகள்) கறுத்து, அதில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. மூன்று மாத மோட்டாரில் தண்டைத் தாங்கும் உலோக வளையங்களான புஷ்கள் அத்தனை தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. மேலே பளபளத்த பெயின்ட்டைச் சுரண்டியபோது அடியில் பழைய பெயின்ட் இருந்தது. புதியது என்று சொல்லி எனக்கு விற்றது பழைய மோட்டார். விற்ற கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

மோட்டார் இல்லாத துளை வழியே டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் சுற்றி ரிங் கியரையும் (மோட்டார் சுழற்றும் இன்ஜின் பல்சக்கரம்) பார்த்தார்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் அதே மூன்று இடங்களில்தான் நிற்கும், மோட்டாரின் சிறிய பல்சக்கரமான பென்டிக்ஸின் பல் வந்து மோதுவதும் அங்கேதான், தேய்மானமும் அங்கேதான் என்ற விளக்கம் எனக்குப் புதிது. ஓரிடத்தில் மட்டும் பல் நுனிகள் சற்று உதிர்ந்திருந்தன. இப்போதைக்குப் போதும் என்றார்கள்.

புதியது வாங்குவதா, இதையே சரிசெய்வதா என்ற கேள்வியில் அவர்கள் விற்பனையில் அவசரம் காட்டவில்லை என்பதை இந்தப் பட்டறையின் பெரிய சிறப்பாகச் சொல்வேன். எந்திரத்தின் மாடல் பெயரை மட்டும் நம்பி மோட்டார் வாங்கக்கூடாது, ஒரே மாடலிலும் இன்ஜினுக்கு ஏற்ப மோட்டார் மாறும் என்று கூறி, இன்ஜின் நம்பர், வோல்ட், கிலோவாட், பென்டிக்ஸின் பல் எண்ணிக்கை, சுழலும் திசை, மோட்டாரை இன்ஜினில் பொருத்தும் தட்டான ஃபிளாஞ்சின் போல்ட் துளை இடைவெளி என எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். ஆர்மேச்சரும் (சுழலும் சுருள்) ஃபீல்டு காயிலும் (சுழலாத சுருள்) சோதனையில் தேறியதால் சரிசெய்வதே போதும் என்று முடிவாயிற்று. கம்யூடேட்டரை லேத்தில் கடைந்து, பட்டைகளுக்கு இடையில் உள்ள மைக்கா காப்பைத் தாழ்த்தி, பிரஷ், புஷ், சோலனாய்டு மூன்றையும் புதிதாகப் போட்டார்கள். கூலியும் உதிரியும் 7,200 ரூபாய், புதிய எர்த் கேபிள் 950, குவாரிக்கு வந்த செலவு 800. மாட்டிய பிறகு அதே மீட்டரை மீண்டும் வைத்து, எர்த் பக்க இழப்பு 0.2 ஆனதைக் காட்டிய பின்புதான் பணத்தைப் பற்றிப் பேசினார்கள்.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் என்றது நான்கு நாளாயிற்று; எந்திரம் நின்ற நாளுக்கும் ஆபரேட்டர் பேட்டாவைக் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. மூன்று மாத உத்தரவாதம் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. ஜிஎஸ்டி பில்லுக்கு மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. உட்காரக் கூட இடமில்லை, பழைய டயர்தான் நாற்காலி. பேக்ஹோவில் (ஜேசிபி போன்ற எந்திரத்தில்) வரும் 12 வோல்ட் மோட்டார் என்றால் உதிரி கையிலேயே இருப்பதால் அன்றே கிடைக்கும் என்கிறார்கள். அதை நான் சோதித்ததில்லை.

ஆறு மாதமாக எந்திரம் முதல் திருப்பலிலேயே எடுக்கிறது. போகிறவர்கள் கழற்றிய மோட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், முடிந்தால் அவர்களை எந்திரத்திடம் அழைத்துச் செல்லுங்கள். வேலையாட்கள் காவேரிப்பட்டினத்துக்காரர்கள் என்பதால் மாசியில் மயானக் கொள்ளை அன்று கடை திறக்காது. மற்ற நாட்களிலும் போன் செய்துவிட்டுப் போவது நல்லது.