டில்ட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை: ப்ரைம்டோப் வேரியன்ஸ் கால்குலேட்டர்

போக்கரில் ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் ப்ரீஃப்ளாப்பிலேயே (பொதுச் சீட்டுகள் விழும் முன்பே) ஆல்-இன் போனால், அதாவது சிப்ஸ் முழுவதையும் வைத்துவிட்டால், ஏஸ் வைத்திருப்பவர் 100-க்குச் சுமார் 82 தடவை ஜெயிப்பார். இது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் மீதி 18-ல் ஒன்று வந்து மாட்டும்போது காது சூடாகிறது. அடுத்த ஹேண்டில், அதாவது அடுத்த சுற்றில், தூக்கி எறிய வேண்டிய சீட்டுக்குக் கை தானாக சிப்ஸ் பக்கம் போகிறது. தோற்ற எரிச்சலில் இப்படித் தடம் புரண்டு ஆடுவதுதான் டில்ட். மூச்சை இழுத்து விடு, தண்ணீர் குடி என்ற அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. ப்ரைம்டோப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்த வேரியன்ஸ் (அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம்) கால்குலேட்டரின் வழி வேறு: கெட்ட காலம் எவ்வளவு நீளும் என்பதை, அது வருவதற்கு முன்பே படம் போட்டுக் காட்டிவிடுகிறது.

கொடுக்க வேண்டியவை மூன்று எண்கள். 100 ஹேண்டுக்கு எத்தனை பிக் பிளைண்ட் (ஹேண்ட் தொடங்கும் முன் வைக்கும் கட்டாயப் பந்தயம், இங்கே அளவுகோல்) லாபம் என்கிற வின்ரேட், அதே 100 ஹேண்டுக்கான திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்பது), மொத்த ஹேண்டுகள். திட்ட விலக்கத்தை உங்கள் ஆட்டங்களைப் பதிவு செய்யும் ட்ராக்கர் மென்பொருளிலிருந்தே எடுக்கலாம். ஆறு பேர் மேஜையில் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெமுக்குப் பெரும்பாலும் 80-லிருந்து 100-க்குள் இருக்கும். பாட்-லிமிட் ஓமஹா என்ற வேறு வகைப் போக்கர் ஆடுபவர் அந்த எண்ணைப் போடக் கூடாது. அங்கே 140 என்பதெல்லாம் சாதாரணம்.

வின்ரேட் 5, திட்ட விலக்கம் 90, ஹேண்டுகள் 20,000 என்று போட்டுப் பாருங்கள். 5 என்பது நல்ல ஆட்டக்காரரின் வின்ரேட். எதிர்பார்க்கும் லாபம் 1,000 பிக் பிளைண்ட். அதன் பக்கத்திலேயே, இத்தனை ஹேண்டுக்குப் பிறகும் நஷ்டத்தில் இருக்க வாய்ப்பு 21 சதவீதத்துக்கு மேல் என்று வருகிறது. நேரில் மேஜையில் ஆடுபவருக்கு மணிக்கு 28 ஹேண்ட் என்று வைத்தால், 20,000 என்பது 700 மணி நேரத்துக்கும் அதிகம். அவ்வளவு நேரம் சரியாக ஆடியும் ஐந்தில் ஒருவர் கைக்காசை விட்டிருப்பார். ஹேண்டுகளை ஒரு லட்சமாக்கினால் இந்த வாய்ப்பு 4 சதவீதமாக இறங்குகிறது. அப்போதும் பூஜ்யம் ஆவதில்லை.

எண்களைவிட வேலை செய்வது வரைபடம்தான். ஒரே வின்ரேட்டில் 20 பேர் ஆடினால் எப்படிப் போகும் என்று 20 கோடுகள். ஆயிரம் ஓட்டங்களில் ஆகச் சிறந்ததும் ஆக மோசமானதும் தனியாகத் தெரியும். பட்டனை மறுபடி அழுத்தினால் கோடுகள் புதிதாக விழும். பத்துத் தடவை அழுத்தி, ஒவ்வொரு தடவையும் அடியில் கிடக்கும் கோட்டை மட்டும் விரலால் தொடர்ந்து போங்கள். ஏறி, சறுக்கி, 40,000 ஹேண்ட் தரையோடு தரையாக ஊர்ந்து போகிற கோடும் உங்களுடையதாக இருக்கலாம். கீழே உள்ள டவுன்ஸ்விங் அட்டவணையையும் விட்டுவிட வேண்டாம். எத்தனை பிக் பிளைண்ட் சரிவு எவ்வளவு சகஜம் என்பது அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாள் ஆட்டத்துக்கும் இதே கணக்கு. 5, 90, 500 ஹேண்ட் என்று போட்டால், நஷ்டத்தில் எழுந்திருக்க வாய்ப்பு 45 சதவீதம். மூன்று பை-இன் (மேஜையில் உட்காரும்போது கொண்டுவரும் தொகை), அதாவது 300 பிக் பிளைண்டோ அதற்கு மேலோ கீழே முடிவது சுமார் 5 சதவீதம். இருபது நாளில் ஒரு நாள். இதைத் தெரிந்துகொண்டவருக்கு அந்த ஒரு நாள் சதியாகத் தெரியாது, முறை வந்துவிட்டதாகத்தான் தெரியும்.

இனி குறை. வின்ரேட் கடைசி வரை மாறாது என்று இந்தக் கருவி எடுத்துக்கொள்கிறது. டில்ட் கெடுப்பதே அந்த வின்ரேட்டைத்தான். பேட் பீட் (ஜெயிக்க வேண்டிய சீட்டோடு தோற்பது) வாங்கிய பிறகு பத்தில் ஒரு பங்கு ஹேண்டுகளை 100-க்கு 20 பிக் பிளைண்ட் இழக்கிற மாதிரி ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 என்ற வின்ரேட்டில் மீதி 90 சதவீதம் தரும் 4.5-லிருந்து 2 கழிந்து, நிற்பது 2.5. ஐந்தில் ஒரு பங்கு அப்படி ஆடினால் மிச்சம் பூஜ்யம். கருவி இதைத் தானாகச் சொல்லாது. நாமே கழித்து, இரண்டாவது தடவை போட்டுப் பார்க்க வேண்டும். திவால் அபாயம் 5 சதவீதத்துக்குள் இருக்கத் தேவையான பேங்க்ரோலையும் (ஆட்டத்துக்கென ஒதுக்கிய மொத்தப் பணம்) அது காட்டும்: வின்ரேட் 5 என்றால் சுமார் 2,430 பிக் பிளைண்ட், 2.5 என்றால் அதற்கு இரு மடங்கு. ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, விழுந்த சீட்டு இதைச் செய்யவில்லை. அதற்குப் பின் வந்த அரை மணி நேரம் செய்தது.

எண் போடும்போது சறுக்குகிற இடங்களும் உண்டு. பழைய புள்ளிவிவரங்களில் பிக் பெட் கணக்கு இருக்கும். ஒரு பிக் பெட் என்றால் இரண்டு பிக் பிளைண்ட். அதைக் கவனிக்காமல் திட்ட விலக்கத்தை 90-க்குப் பதில் 45 என்று போட்டால் வரைபடம் சாதுவாகத் தெரியும், நிஜம் அப்படி இருக்காது. இன்னொன்று, 8,000 ஹேண்டில் வந்த 12 என்ற வின்ரேட்டை அப்படியே போடுவது. அது அதிர்ஷ்டக் கோட்டை அளந்து வைத்திருக்கிறது, ஆட்டத்தை அல்ல. பாதியாக்கிப் போடுங்கள், ஆசைக்காகக் கூட்டிப் போட்ட எண், முதல் சரிவிலேயே கோபமாகத் திரும்பி வரும். ட்ராக்கரின் ஆல்-இன் ஈவி (எதிர்பார்ப்பு மதிப்பு) கோட்டையும் கண்மூடி நம்ப வேண்டாம். சீட்டுகள் பாக்கி இருக்கும்போது ஆல்-இன் போன பாட்களை (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) மட்டுமே அது திருத்துகிறது. செட்டுக்கு மேல் செட் (உங்கள் மூன்று ஒத்த சீட்டுகளை எதிராளியின் பெரிய மூன்று வெல்வது) மாட்டிய துரதிர்ஷ்டம் அதில் ஏறாது.

எப்போது திறப்பது என்பது முக்கியம். இரண்டு ஹேண்டுக்கு நடுவே திறந்தால் பயனில்லை. சூடு ஏறிய தலைக்கு வரைபடம் இன்னொரு சாக்காகத்தான் தெரியும். ஆட்டத்துக்கு முன், உங்கள் எண்களைப் போட்டு, நஷ்ட வாய்ப்பு, மூன்று பை-இன் போகும் வாய்ப்பு, டில்ட்டைக் கழித்த வின்ரேட் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எழுந்திருக்கும் வரம்பையும் அதிலேயே குறித்துவிடலாம்.

வின்ரேட் கட்டத்தில் மைனஸ் போட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்தக் கருவி ஆறுதல் தராது. ஹேண்டுகளைக் கூட்டக் கூட்ட 20 கோடுகளும் கீழேதான் போகும். டோர்னமென்ட் ஆடுபவர்களுக்கு அதே தளத்தில் தனிக் கால்குலேட்டர் இருக்கிறது. ஆட்கள் எண்ணிக்கை, பை-இன், ஆர்.ஓ.ஐ. (போட்ட பணத்துக்கான லாப விகிதம்) என்று அதன் கேள்விகளே வேறு. கேஷ் மேஜைக்கான இதில் அந்த எண்களைத் திணித்துப் பார்க்க வேண்டாம்.