ஹெட் போல்ட் இறுக்கும் நான்கு முறைகள்: எந்த எஞ்சினுக்கு எது பொருந்தும்?

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறக்கப்பட்டதால், கையில் இருக்கும் காரையே திருத்தித் திருத்தி ஓட்டும் நிலை இலங்கை முழுவதும் நீடித்தது. திருகோணமலையும் அதற்கு விலக்கல்ல. கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போய்வரும் பழைய கார் ஒன்று வழியில் வெப்பமேறி, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் கீழேயுள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கட் பழுதானால், உரிமையாளரின் கவலை பெரும்பாலும் கஸ்கட்டின் விலையைப் பற்றியும் ஹெட்டின் முகத்தைச் சீவுவதைப் பற்றியுமே இருக்கும். அந்த ஹெட்டை மீண்டும் பிளாக்கோடு பிணைக்கும் போல்ட்கள் எந்த முறையில் இறுக்கப்படுகின்றன என்பதைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. புதிய கஸ்கட் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்பதோ அந்த முறையில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது.

நம் கராஜ்களில் நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன: கையனுபவத்தை நம்பி நீண்ட கைப்பிடியால் இறுக்குவது, டோர்க் (முறுக்குவிசை) காட்டும் ரென்ச்சில் ஒரே அளவு வைத்து இறுக்குவது, சிறிய டோர்க் அளவுக்குப் பின் குறித்த பாகைக்குத் திருப்பும் கோண முறை, போல்ட்டை நீக்கிவிட்டு ஸ்டட்டும் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள தண்டு) நட்டும் இடுவது. இவற்றை ஒப்பிடுமுன் ஹெட் போல்ட்டின் வேலையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இறுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவுக்கு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசையே ஹெட்டையும் கஸ்கட்டையும் பிளாக்கின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இழுவிசைதான். டோர்க் ரென்ச் காட்டுவதோ முறுக்குவிசையை. அதில் ஏறக்குறையப் பாதி போல்ட் தலையின் அடியிலுள்ள உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரைகளுக்கு இடையிலான உராய்விலும் செலவாகிவிட, எஞ்சும் 10 சதவீதம் அளவே போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே மரையில் சிறிது துருவோ பழைய கஸ்கட் துகளோ இருந்தால், ரென்ச் சரியான எண்ணைக் காட்டியபடி இருக்க, அழுத்தம் மட்டும் பெரிதும் குறைந்துவிடும்.

கையனுபவ முறையைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. பல்லாண்டு பழகிய கைக்கு ஒரு நுண்ணுணர்வு உண்டு என்பதை நான் மதிக்கிறேன். சில்லு நட்டை இறுக்க அது போதும். பத்துப் போல்ட்களில் ஒரே சீரான அழுத்தத்தைக் கொடுக்க எந்தக் கையாலும் இயலாது. வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தால் விரியும் அலுமினிய ஹெட் வந்த பிறகு, அந்தச் சீரின்மையை எஞ்சின் பொறுத்துக்கொள்வதுமில்லை.

டோர்க் அளவு மட்டும் கொண்டு இறுக்குவது பழைய எஞ்சின்களுக்கு உரிய முறை. இன்றும் நம் வீதிகளில் காணக்கூடிய மொரிஸ் மைனர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 948, 1098 சிசி எஞ்சின்களின் ஹெட்டை ஸ்டட்களும் நட்டுகளும் பிடித்திருக்க, நட்டுக்கு 40 இறாத்தல் அடி, அதாவது சுமார் 54 நியூட்டன் மீற்றர், கொடுக்கப்படுகிறது. அந்தக் கால கஸ்கட் வெப்பம் பட்டதும் சற்று அமுங்குவதால், எஞ்சினை ஓட்டிய பிறகு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அங்கு அவசியமான பணி. ஆயினும் இம்முறையின் குறை வெளிப்படையானது: ஒரே டோர்க் கொடுத்தாலும், உராய்வு மாறுபடுவதால், போல்ட்டுக்குப் போல்ட் இழுவிசை 25 முதல் 30 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம். தடித்த பழைய கஸ்கட் அதைத் தாங்கியது. பல அடுக்கு எஃகுத் தகட்டால் ஆன இன்றைய கஸ்கட் தாங்காது.

கோண முறை இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது. 4ஏ-எஃப்ஈ எஞ்சினுக்கு டொயோட்டா கூறும் அளவை எடுத்துக்கொள்வோம்: முதலில் எல்லாப் போல்ட்களுக்கும் 29 நியூட்டன் மீற்றர், பின்னர் ஒவ்வொன்றையும் 90 பாகை, அதன்பின் இன்னொரு 90 பாகை. முதற்கட்டத்தில் உராய்வின் பங்கு இருந்தாலும் அந்த டோர்க் சிறியது என்பதால் பிழையும் சிறிதாகவே இருக்கும். அதற்குப் பிறகு நடப்பது வெறும் கணக்கு. மரை இடைவெளி 1.25 மில்லிமீற்றராக உள்ள ஒரு போல்ட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் அது 0.31 மில்லிமீற்றர் உள்ளே இறங்கும். மரை வழவழப்பாக இருந்தாலும் சற்றுச் சொரசொரப்பாக இருந்தாலும் அந்த இறக்கம் மாறாது. பல எஞ்சின்களில் இந்தக் கோணம் போல்ட்டை அதன் மீள்தன்மை எல்லைக்கு, அதாவது பழைய நீளத்துக்கே திரும்பச் சுருங்கக்கூடிய எல்லைக்கு, அப்பால் கொண்டுசெல்லும்படி வகுக்கப்பட்டுள்ளது. அந்த நிலையில் இன்னும் சில பாகை கூடினாலும் இழுவிசை பெரிதாக ஏறுவதில்லை. எனவே எல்லாப் போல்ட்களும் ஏறத்தாழ ஒரே இழுவிசையில் நிற்கின்றன. நான்கு வழிகளில் இதையே நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

இம்முறைக்கு விலையுயர்ந்த கோணமானி வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. போல்ட் தலையின் முன்பக்கத்தில் ஒரு பெயின்ற் புள்ளி வைத்து, இரண்டாம் திருப்பலின் முடிவில் எல்லாப் புள்ளிகளும் பின்புறம் பார்க்கின்றனவா எனச் சரிபார்க்கும்படி டொயோட்டாவின் கைந்நூலே சொல்கிறது. ஒரு சிறிய தூரிகை இருந்தால் எந்தக் கராஜிலும் இதைச் செய்யலாம். இதைத் தவிர்க்க, “29, 90, 90 என்பது கடைசியில் இத்தனை டோர்க்தானே” என்று ஒரே எண்ணாக மாற்றி இறுக்குவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். அப்படி மாற்றிய கணமே, கோண முறை விலக்கி வைத்த உராய்வுப் பிழை முழுவதும் திரும்ப வந்துவிடுகிறது.

பழைய போல்ட்டா, புதிய போல்ட்டா என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. கோணத்தில் இறுக்கப்படும் எல்லாப் போல்ட்களும் ஒருமுறைப் பாவனைக்கு உரியவை அல்ல. சில தயாரிப்பாளர்கள், குறிப்பாக ஐரோப்பியர், ஒவ்வொரு முறையும் புதியதைப் போடச் சொல்கின்றனர். வேறு சிலர் போல்ட்டின் மெலிந்த பகுதியின் விட்டத்தையோ மொத்த நீளத்தையோ அளந்து, எல்லைக்குள் இருந்தால் மீண்டும் பாவிக்க அனுமதிக்கின்றனர். அளக்கும் கருவி இல்லாத இடத்தில், அல்லது கடற்காற்றில் மரை துருவேறிய நிலையில், புதியதே பாதுகாப்பானது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு செட் வரவழைக்கும் செலவு, ஹெட்டை இரண்டாம் முறை கழற்றும் கூலியோடு ஒப்பிட்டால் சிறியதே.

ஸ்டட் வேறு வகையான தெரிவு. ஸ்டட்டை விரலால் அளவோடு பிளாக்கில் திருகி நிறுத்தியபின் நட்டை மட்டும் இறுக்குவதால், பிளாக்கின் மரை ஒவ்வொரு முறையும் தேய்வதில்லை. இறுக்கும்போது ஸ்டட் முறுகுவதும் குறைவு. அலுமினிய பிளாக்குக்கும், டர்போ அழுத்தத்தைக் கூட்டிய எஞ்சினுக்கும் இது உண்மையான பலன் தரும். சாதாரண குடும்பக் காருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. செலவு பல மடங்கு. எஞ்சின் காருக்குள் இருக்கும்போது ஹெட்டை நேராகத் தூக்கி ஸ்டட்களின் மேல் இறக்க இடமும் போதாமல் போகலாம். போட்டே ஆக வேண்டுமெனில், இறுக்கும் அளவு ஸ்டட் தயாரிப்பாளர் கொடுத்ததாகவும், பூசும் கிறீஸ் அவர் குறிப்பிட்டதாகவும் இருக்க வேண்டும்; எஞ்சின் கைந்நூலின் எண் அதற்குப் பொருந்தாது.

எந்த முறையைத் தேர்ந்தாலும் சில ஆயத்தங்கள் மாறுவதில்லை. இறுக்குவது நடுவிலிருந்து வெளிநோக்கி, கழற்றுவது வெளியிலிருந்து நடுநோக்கி, இரண்டும் பல கட்டமாக. 4ஏ-எஃப்ஈ எஞ்சினில் 90 மில்லிமீற்றர் போல்ட்கள் இன்டேக் பக்கமும் 108 மில்லிமீற்றர் போல்ட்கள் எக்ஸோஸ்ட் பக்கமும் போவதுபோல, நீளம் மாறும் எஞ்சின்களில் கழற்றும்போதே வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ஹெட்டின் அடிமுகம் அந்த எஞ்சினில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் எந்த இறுக்கமும் அதை ஈடுசெய்யாது. மரைக்கும் தலையின் அடிக்கும் கைந்நூல் கேட்கும் ஒயிலை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். அடிமூடிய துளைக்குள் ஒயிலோ கூலன்ற்றோ தேங்கி நின்றால், இறங்கும் போல்ட் அதை அழுத்தி பிளாக்கையே வெடிக்கச் செய்யும் என்பதால், துளைகளை ஊதி உலர்த்திய பின்பே முதற்போல்ட்டை வைக்க வேண்டும். தண்ணீர் அறைக்குள் திறக்கும் துளைகளாயின் மரைக்குச் சீலன்ற் வேண்டும்.

கோண முறையில் இறுக்கிய எஞ்சினை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் திரும்பக் கொண்டுவரச் சொல்லி போல்ட்டை மீண்டும் இறுக்கும் வழக்கம் மொரிஸ் காலத்தின் எச்சம். எல்லை கடந்து நீண்ட போல்ட்டை இன்னும் திருகினால் அது அறுந்துபோகவும் கூடும். டோர்க் ரென்ச்சைப் பொறுத்தவரை, வேலை முடிந்ததும் அதன் சுருளை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைப்பதும், டோர்க் ரென்ச்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789 கூறுவதுபோல 12 மாதங்களுக்கு அல்லது 5,000 இறுக்கல்களுக்கு ஒருமுறை அளவு சரிபார்ப்பதும், உப்புக் காற்று வீசும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கராஜ்களுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.