காலிஃபிளவர் இல்லை தம்பி, காஸ்9

வண்ணார்பேட்டையில் செங்குத்தான மாடிப்படி ஏறிப் போகும் ஒரு த்ரீடி பிரிண்டிங் கடை. பெயர் வேண்டாம். முதல் தடவை சொதப்பி, இரண்டாம் தடவை அசத்தினார்கள். இரண்டையும் சொல்லத்தான் போகிறேன்.

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். வைரஸ் டிஎன்ஏவை வெட்டித் தப்பிக்கும் பாக்டீரியாவின் தற்காப்பு முறையான கிரிஸ்பரை இத்தனை வருஷமும் போர்டில் ஒரு கத்தரிக்கோல் வரைந்தே ஒப்பேற்றிவிட்டேன். இந்த வருஷம் புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்திலிருந்து, அந்த வெட்டும் வேலையைச் செய்யும் காஸ்9 புரதத்தின் அமைப்பை இறக்கினேன். இலவசம்தான், 4-யூ-என்-3 என்று தேடினால் வரும், 2014-இல் வெளியானது. பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால், “என்ன டீச்சர், காலிஃபிளவரா?” என்கிறான் கடைத் தம்பி. 1,368 அமினோ அமிலங்கள் சுருண்டு கிடக்கும் புரதம். நிஜத்தில் 10 நானோமீட்டர் இருந்தால் அதிகம். 10 சென்டிமீட்டருக்கு அடிக்கச் சொன்னேன். ஒரு கோடி மடங்கு!

மூன்று நாள் என்றது ஆறு நாளாயிற்று. சரி, போகட்டும். கையில் வாங்கியதும்தான் பகீரென்றது. காஸ்9 இரண்டு மடல்களாக இருக்கும், நடுவே ஒரு பள்ளம். பனங்கிழங்கைப் பிளந்தால் உள்ளே பீலி கிடக்குமே, அதுபோல வழிகாட்டி ஆர்என்ஏ வைரஸ் டிஎன்ஏவின் ஒரு இழையோடு 20 எழுத்துக்கு ஜோடி சேர்ந்து அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கும். சாஃப்ட்வேர் அதை ஓட்டை என்று நினைத்துத் தானாகவே அடைத்துவிட்டது. வந்தது போண்டா.

“ஓட்டை இருந்தா உடைஞ்சிரும் டீச்சர்.”

“அந்த ஓட்டைதான் தம்பி பாடமே.”

முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டான். இரண்டாவதுக்குத் தனிக்காசும் வாங்கவில்லை. மடல்கள் இரண்டும் தனித்தனி, ஆர்என்ஏ-டிஎன்ஏ தனி. உள்ளே சின்னக் காந்தம் வைத்து, பிரித்துச் சேர்க்கிற மாதிரி கொடுத்தான். மொத்தம் 1,400 ரூபாய். வெட்டும் பகுதிகள் இரண்டுக்கும் நான் நெயில்பாலிஷ் பூசினேன்: எச்என்எச் சிவப்பு, ருவ்சி நீலம். ஆளுக்கொரு இழையை வெட்டும். 1333, 1335-ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களுக்கு இரண்டு மஞ்சள் பொட்டு. டிஎன்ஏவில் ஜிஜி என்ற அடையாளத்தைத் தடவிப் பார்ப்பது அவைதான். பழைய வைரஸ் துண்டுகளை பாக்டீரியா தன் டிஎன்ஏவிலேயே சேமித்து வைத்திருக்கிறது. வழிகாட்டி ஆர்என்ஏ அவற்றின் நகல்தான். அங்கே அந்த அடையாளம் இல்லாததால் தன்னையே வெட்டிக்கொள்ளாமல் தப்பிக்கிறது. மஞ்சள் பொட்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

அப்புறம் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, “மிஸ், சிவப்புக் கத்தி நூலுக்கு எட்டாமலே நிக்கே?” என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். புரதத்தைப் படிகமாக்கிக் கண்ட இந்த அமைப்பில் எச்என்எச் வெட்டும் இடத்திலிருந்து தள்ளித்தான் நிற்கிறது. ஜோடி முழுசாகச் சேர்ந்த பிறகுதான் திரும்பி வந்து வெட்டும். பிளாஸ்டிக்கில் அது அசையாது. அந்த ஒரு குறை இருக்கிறது, ஆனால் அது கடைக்காரர் குறை இல்லை.

போகிறவர்களுக்கு: ரிப்பன் வடிவ ஃபைல் கொடுக்காதீர்கள், முறுக்கு மாதிரி ஒடிந்துவிடும். மேற்பரப்பு வடிவமே நல்லது. ஓட்டையை அடைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஈ. கோலை பாக்டீரியாவின் கிரிஸ்பர் புரதக் கூட்டமான கேஸ்கேட் கேட்டிருக்கிறேன். 11 புரதங்கள், அதில் ஆறு காஸ்7 வரிசையாக நின்று முதுகெலும்பு போல வளையும், பார்க்கக் கடல்குதிரையேதான். தம்பி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வால் ஒடிஞ்சா என்னைச் சொல்லக் கூடாது டீச்சர்.”