12 லட்சத்துக்குப் பழைய ஜெர்மன் செடானா, புது உள்நாட்டு எஸ்.யூ.வி.யா?

கையில் 12 லட்சம் ரூபாய் இருந்தால் மதுரையில் இன்று இரண்டு விதமான வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, ஷோரூமிலிருந்து புதிதாக இறங்கும், நான்கு மீட்டருக்குள் அடங்கும் இந்தியக் கம்பெனி எஸ்.யூ.வி. இன்னொன்று, ஏழெட்டு வருஷம் ஓடிய ஜெர்மன் செடான். புதிதாக வந்தபோது 40 லட்சத்துக்குக் குறையாமல் விற்ற வண்டி அது. நான் முதலாவதை டீசலில் வாங்கினேன். மச்சான் இரண்டாவதை வாங்கினார். ஊர்ப் பயணங்களில் வண்டி மாற்றிக்கொள்வது எங்களுக்கு வழக்கம் என்பதால் இரண்டையும் ஓட்டிப் பார்த்தே எழுதுகிறேன். என் சாய்வு உள்நாட்டு வண்டிப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைலேஜ், பூட் இடம், சன்ரூஃப் எல்லாம் எந்த விளம்பரத்திலும் கிடைக்கும், அதற்குள் போகவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் பேச வேண்டும். "ஃபாரின் வண்டிப்பா, லேசுல மக்கர் பண்ணாது" என்றார் பெரியப்பா. அவர் தலைமுறைக்கு அது அனுபவத்தில் வந்த நம்பிக்கை. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும் வரை ரோட்டில் அம்பாசிடரும் பத்மினியும்தான். அவை இரண்டும்கூட வெளிநாட்டு வடிவமைப்புதான். ஒன்று மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, இன்னொன்று ஃபியட் 1100. பின்னாளில் ஜப்பானின் இசுசு எஞ்சின் ஏறியதும் அதே அம்பாசிடர் வேறு வண்டி போல ஓடியதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத்தான் செய்வார்கள்.

இன்றைய நிலவரம் வேறு. மச்சானின் செடான் உண்மையில் இறக்குமதி வண்டியே இல்லை. முழுதாகக் கப்பலில் வரும் காருக்குச் சுங்க வரி கடுமை. 40,000 டாலருக்குக் குறைந்த வண்டிகளுக்கே 2023 பட்ஜெட்டில் 60 சதவீதத்திலிருந்து 70 ஆக்கினார்கள். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் இருந்தது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி வெகுவாகக் குறையும். அதனால்தான் பி.எம்.டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், மெர்சிடிஸ் புனே பக்கம் சாக்கனிலும் வண்டிகளைப் பூட்டுகின்றன. அப்படி வரும் கார் உள்நாட்டுக் காராகத் தெரியலாம். ஆனால் அதன் உள்ளே இருப்பதில் கணிசமான பகுதி கடல் தாண்டி வந்தது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஹூண்டாய் கொரியக் கம்பெனி. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளும் சுற்றுவட்டாரத்தில் முளைத்துவிட்டன. மாருதியின் டீசல் ஸ்விஃப்டில் இருந்தது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் எஞ்சின். அதே எஞ்சின் டாடா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் ஓடியது. இத்தாலியில் பிறந்ததை இங்கேயே தயாரித்ததால், மேலூர் முதல் தேனி வரை அதைத் தெரியாத ஷெட் இல்லை. தரத்திலும் இங்கே செய்ததை இனி இளக்காரமாகப் பார்க்க முடியாது. இந்தியாவில் தயாரித்த ஐந்து கதவு ஜிம்னியை 2025 தொடக்கத்தில் ஜப்பானில் அறிமுகம் செய்தபோது, சில நாட்களிலேயே சுமார் 50,000 பேர் கேட்டுவிட, சுசுகி முன்பதிவையே நிறுத்தி வைத்தது. ஜப்பான்காரரே நம்பி வாங்குகிறார்.

ஆக, பானெட்டில் எந்த நாட்டு முத்திரை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வண்டி படுத்தால் பாகம் எங்கிருந்து, எத்தனை நாளில், என்ன விலைக்கு வரும் என்பதைத்தான் பார்த்தேன்.

கப்பலூர் தாண்டித் திருமங்கலம் போகும் வழியில் மச்சானின் வண்டிக்குக் குறுக்கே நாய் பாய்ந்தது. பம்பர், ஒரு பக்க ஹெட்லைட், உள்ளே ரேடியேட்டர் தாங்கி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் வண்டியை ஏற்றிப் போனார்கள், மரியாதையாகப் பேசினார்கள், வேலையும் தெரிந்தவர்கள். "சார், பார்ட் ஆர்டர் போட்டாச்சு, வந்தா ரெண்டே நாள் வேலை" என்றார்கள். அந்த ‘வந்தா’ வாரக்கணக்கில் இழுத்தது. நடுவில் வந்த கல்யாணத்துக்கு அவர் குடும்பமும் எங்கள் எஸ்.யூ.வி.யில்தான் வந்தது. எங்கள் வண்டியும் உசிலம்பட்டி ரோட்டில் ஆட்டு மந்தைக்குப் பிரேக் அடித்து ஓரத்துக் கல்லில் மோதி முன்பக்கம் நசுங்கியதுண்டு. பம்பர் மதுரையிலேயே இருப்பில் இருந்தது. பெயிண்ட் காய்ந்த கையோடு வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

விலைதான் இன்னும் பெரிய விஷயம். பழைய வண்டியின் விலை 12 லட்சத்துக்கு இறங்கிவிடும், அதன் பாகங்களின் விலை இறங்காது. அவை இன்னமும் 40 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்கள்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கும் பலர் இதை யோசிப்பதில்லை.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், நைலான் பாகங்களுக்குச் சாதாரண பாலிசி 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தரும். பம்பர் பிளாஸ்டிக், கிரில் பிளாஸ்டிக். பாதி நம் பை. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசியைப் பல கம்பெனிகள் ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு எளிதில் தருவதில்லை. இதைவிட முக்கியமானது வேறொன்று. ரிப்பேர் செலவு, பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. (வண்டியின் காப்பீட்டு) மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த நஷ்டமாகக் கணக்கு முடித்துவிடுவார்கள். பழைய ஜெர்மன் வண்டியில் ஐ.டி.வி. குறைவு, பாகம் விலை அதிகம். ஏர்பேக் விரிந்து, இரண்டு ஹெட்லைட்டும் போனால், ஓடக்கூடிய நிலையில் இருக்கும் காரையே கைவிட வேண்டி வரலாம். உள்நாட்டு வண்டியில் அந்த எல்லையைத் தொட நிஜமாகவே பெரிய விபத்து நடக்க வேண்டும்.

அப்புறம் டயர். ஜெர்மன் செடான்கள் பலவற்றில் ரன்ஃபிளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது கணக்கு. நான்கு வழிச்சாலையில் நல்ல ஏற்பாடுதான். எங்கள் தோட்டம் பேரையூர் பக்கம்; கரிசல் காட்டு ரோடு, மழை பெய்தால் பள்ளம் எது தார் எது என்று தெரியாது. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தக் கெட்டி டயரைக் கழற்றி மாட்ட வழியில் இருக்கும் பஞ்சர் கடைகளில் மிஷின் இல்லை. நம் வண்டியில் ஸ்டெப்னியை இறக்கி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஷெட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வாரன்டி முடிந்த பிறகு என் வண்டியின் வீல் பேரிங், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட் எல்லாம் வெளி வீதிக் கடைகளில் கேட்டால் ஒரிஜினலா, இணையான கம்பெனியா என்று திருப்பிக் கேட்டு எடுத்துத் தருகிறார்கள். வாகனத் தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் மதுரையில் பிறந்ததுதான். கை தேர்ந்த மெக்கானிக்குகள் தலைமுறையாக இங்கே உண்டு. ஜெர்மன் வண்டி என்றால் அவர்களே கை வைக்கத் தயங்குகிறார்கள். "அண்ணே, கழட்டிருவேன். எர்ரர் கோட் அழிக்கிற ஸ்கேனர் என்கிட்ட இல்லை" என்றார் எனக்கு வழக்கமாக வேலை பார்ப்பவர். அவர் நேர்மை எனக்குப் பிடித்தது.

சரி, ஜெர்மன் வண்டி எதில் ஜெயிக்கிறது? ஓட்டுவதில் தெளிவாக ஜெயிக்கிறது. சமயநல்லூர் தாண்டித் திண்டுக்கல் பக்கம் நல்ல ரோடு பிடித்துவிட்டால் வேகம் தெரியாது, சத்தம் கேட்காது. சென்னை வரை 460 கிலோமீட்டர் போய் இறங்கினால் அம்மாவுக்கு இடுப்பு வலி இல்லை. என் வண்டியில் அந்தச் சொகுசு கிடையாது. பிரேக்கின் நம்பகமும் அதில் ஒரு படி மேல். என் வண்டியில் புதிதில் தொடுதிரை அடிக்கடி உறைந்து நின்றது. டேஷ்போர்டில் ஒரு கிறீச் சத்தம். சாஃப்ட்வேர் மாற்றியும் திருகு இறுக்கியும் சரிசெய்தார்கள், ஆனால் முதல் தடவையிலேயே செய்யவில்லை. வண்டி நடுவழியில் நின்றதில்லை.

பாதுகாப்பு என்றால் வெளிநாட்டு வண்டிதான் என்ற பேச்சும் பழசாகிவிட்டது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2020-ல் மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 300 வாங்கியது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்.சி.ஏ.பி. என்று நம் நாட்டிலேயே சோதனை நடக்கிறது.

மறுவிற்பனை பற்றி அனுபவத்தில் சொல்ல முடியாது, நான் இன்னும் விற்கவில்லை. விசாரித்த வரையில் டி.என். 58, 59 பதிவு டீசல் எஸ்.யூ.வி.க்குத் தேனி, உசிலம்பட்டிப் பக்கமிருந்தே ஆள் வருகிறார்கள். ஜெர்மன் செடானுக்கு ஊருக்குள்ளேயே வாங்குபவர் தேட வேண்டியிருக்கிறது. இன்னொரு விஷயம்: நான் ஒப்பிடுவது புதியதையும் பழையதையும். பத்து வருஷம் ஓடிய பிறகு என் வண்டி எப்படி இருக்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். பாகம் கிடைக்கும் என்று மட்டும் சொல்வேன்.

வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, பெரும்பாலும் நான்கு வழிச்சாலையில்தான் ஓட்டம் என்றால், மச்சான் எடுத்த முடிவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே வண்டி, அதில்தான் ஆஸ்பத்திரியும் தோட்டமும் என்றால் உள்நாட்டு வண்டியை எடுங்கள். ஜெர்மன்தான் வேண்டும் என்று மனசு நின்றுவிட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியின் சேசிஸ் நம்பரோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் ஹெட்லைட், முன் பம்பர், லோயர் ஆர்ம், கியர்பாக்ஸின் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் (கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பாகம்), ஒரு டயர் ஆகிய ஐந்துக்கும் விலையையும், வந்து சேரும் நாளையும் எழுத்தில் வாங்குங்கள். கூடவே அந்த வருஷத்து ஐ.டி.வி. எவ்வளவு என்று இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.