ஃபேக்கர் லைப்ரரி: பல மொழிப் பெயர்களுக்கு எவ்வளவு நம்பலாம்?

மென்பொருளைச் சோதிக்கப் போலித் தரவாக ஆயிரக்கணக்கில் பெயர் வேண்டுமென்றால் பைத்தான் நிரல் எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது ஃபேக்கர் என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு). இலவசம், திறமூலம். பைத்தானின் நிறுவு கருவியான பிப் மூலம் நிறுவி, எந்த மொழி, நாடு என்று சொல்லும் குறியீடான லோக்கேலைக் கொடுத்தால் போதும். தமிழும் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் கானா (ஒலிப்பு எழுத்து) வடிவமும் ரோமன் வடிவமும் தனித்தனியாகக் கிடைப்பது அருமையான வசதி.

ஆங்கிலத்தில் வழக்கமான மாதிரிப் பெயரான ‘ஜான் டோ’ என்ற ஒரே பெயரைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதிக்கிறவர்கள் இதற்கு மாறியே ஆக வேண்டும். ஜான் டோவுக்கு இடைவெளி சேர்த்து ஆங்கிலத்தில் 8 குறி, எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 8 பைட். ‘கிருஷ்ணமூர்த்தி’யும் கண்ணுக்கு 8 எழுத்துதான். ஆனால் கணினிக்கு மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 15 யூனிகோடு குறிகள், 45 பைட். பைட் கணக்கில் 40 என்று வரையறுத்த தரவுப் புலத்தில் அது நுழையாது. இந்தப் பிழையை ஜான் டோ ஒருநாளும் காட்டிக்கொடுக்க மாட்டார்.

இடறும் இடம் முன்பெயர், பின்பெயர் என்ற வார்ப்பு. தமிழுக்குத் தேவை தலைப்பெழுத்து. முன்பெயரை இருமுறை வரவழைத்து, ஒன்றைத் தந்தை பெயராக வைத்து அதன் முதலெழுத்தை எடுங்கள். ஆனால் சரத்தின் (எழுத்துத் தொடரின்) முதல் குறியை அப்படியே வெட்டினால் ‘கோபால்’ என்பதிலிருந்து ‘க’ மட்டும் வரும். கொம்பும் காலும் போய்விடும். ரெஜெக்ஸ் என்ற தனி லைப்ரரியில் முழு எழுத்தாகப் பிரிக்கும் வசதி உண்டு, அது ‘கோ’ என்றே தரும். அதிலும் ‘ஸ்ரீதர்’ வந்தால் ‘ஸ்’ என்று நின்றுவிடும் என்பதால் ‘ஸ்ரீ’க்குத் தனி விதி எழுத வேண்டும்.

பல லோக்கேல்களை ஒரே பட்டியலாகக் கொடுக்கும்போது கவனம். ஒவ்வொரு அழைப்புக்கும் அது புதிதாக ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும். முன்பெயர் தமிழிலும் பின்பெயர் ஜப்பானிய மொழியிலும் வந்து நிற்கும். மொழியைக் குறிப்பிட்டு அழைத்தால் சரியாகிவிடும். அந்த மொழியில் இல்லாத வகைத் தரவைக் கேட்டால் சத்தமே இல்லாமல் அமெரிக்க ஆங்கிலத் தரவு வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் திரும்ப வரக்கூடாது என்றால் அதற்கு ஃபேக்கரிலேயே யுனிக் என்ற வசதி இருக்கிறது. ஆனால் 1,000 முறை முயன்றும் புதுப்பெயர் அமையாவிட்டால் பிழை எறிந்து நின்றுவிடும். பெரிய அளவுக்குப் பெயரை நம்பாமல் வரிசை எண்ணைத் தனித்துவத்துக்கு வையுங்கள். ஒரே விளைவு திரும்ப வேண்டுமானால் சீட் (தற்செயல் தேர்வைத் தொடங்கிவைக்கும் எண்) மட்டும் போதாது, ஃபேக்கரின் பதிப்பு எண்ணையும் கடைசிப் புள்ளிவரை பூட்டுங்கள். பெயர்ப்பட்டியல் மாறினால் விளைவும் மாறும்.

மக்கள் பார்க்கும் மாதிரிப் படிவத்தில் மட்டும் ஃபேக்கர் வேண்டவே வேண்டாம். அது தருவது நிஜமாகவே யாரோ ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெயர். படிவத்துக்கு, பார்த்தவுடனே ‘இது மாதிரி’ என்று புரியும் பெயர்தான் வேண்டும். ஜெர்மனியில் மாதிரி அடையாள அட்டையிலேயே எரிகா முஸ்டர்மன் என்றுதான் அச்சிடுகிறார்கள். ஜப்பானியருக்கு யமடா டாரோ (யமடா குடும்பப்பெயர், முதலில் வரும்), இத்தாலியருக்கு மாரியோ ரோஸ்ஸி, போலந்துக்காரருக்கு யான் கொவால்ஸ்கி. செக் மொழியில் ஆணுக்கு நோவாக், பெண்ணுக்கு நோவாகோவா; இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள். தமிழுக்குக் குப்பன், சுப்பன் பேச்சில் சரி, படிவத்தில் மரியாதைக் குறைவு. ‘அ. மாதிரி’ என்று போடுங்கள்.